புதிய உணவகங்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் என்று எண் போடுவது நியாயமா?

உங்கள் அக்காவும் அத்தானும் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் சின்னதாக ஓர் உணவகம் திறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சனம் வருகிறது, கிழமை நாட்களிலும் மேசைகள் நிரம்புகின்றன. ஆனால் ஆண்டுதோறும் வெளிவரும் 'சிறந்த புதிய உணவகங்கள்' பட்டியல் எதிலும் அவர்களின் பெயர் இல்லை. அந்தப் பக்கத்துக் கடை வேறெதுவும் உங்கள் கண்ணில் படவும் இல்லை. இந்தப் பட்டியல்கள் நியாயமானவையா, அவற்றில் வருவதற்கு அவர்கள் ஏதாவது செய்ய வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

நான் ரொறன்ரோ உணவகக் குசினிகளில் 19 வருடமாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, காய்கறி வெட்டி, அடுப்படிக்கு வந்து, இப்போது ஒரு குசினியை நடத்துகிறேன். பட்டியலில் ஏறிய கடையிலும் இருந்திருக்கிறேன், ஏறாத கடைகளிலும் இருந்திருக்கிறேன். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியல் போடுவதில் எனக்குக் குறையில்லை. அதற்கு ஒன்று முதல் பத்து வரை எண் போடுவதும், யார் போய்ச் சாப்பிட்டார்கள் என்பதை மறைப்பதும்தான் அநியாயம். இரண்டும் ஒரே பட்டியலில் சேர்ந்தால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பட்டியலுக்குப் பெயர் பரிந்துரைக்கிற ஆட்களில் ஒருவனாக என்னை இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். எந்தப் பட்டியல் என்பது வேண்டாம். கடந்த 12 மாதத்தில் திறந்தவற்றில் உங்களுக்குப் பிடித்த ஐந்தைச் சொல்லுங்கள் என்று மின்னஞ்சல் வரும். குசினிக்காரன் மாலையில் வேலை செய்கிறவன். வெளியே போய்ச் சாப்பிட எனக்குக் கிழமையில் ஓர் இரவு கிடைக்கும். அந்த வருடம் நான் போன புதிய கடைகள் ஏழு. ஏழும் என் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே சப்வே பாதையில் இருந்தவை. அந்த ஏழில் ஐந்தை எழுதி அனுப்பினேன். பொய்யாக எதுவும் எழுதவில்லை, ஐந்தும் நல்ல கடைகள்தான். ஆனால் நகரத்தில் அந்த வருடம் திறந்த மற்றக் கடைகளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. என்னோடு பரிந்துரைத்த இன்னும் இரண்டு பேரிடம் கதைத்துப் பார்த்தேன். அவர்கள் நிலையும் அதுதான். இரண்டாவது வருடத்தோடு விலகிவிட்டேன்.

இப்படிச் சேரும் வாக்குகளை எண்ணினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 20 வாக்காளர் போய் வந்த நல்ல கடை, மூன்று வாக்காளர் மட்டும் போய் வந்த மிக நல்ல கடையை எப்போதும் வெல்லும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, யாரும் காசு வாங்க வேண்டியதில்லை. கணக்கே அப்படித்தான் விழும். உங்கள் அக்காவின் கடை தோற்றது சமையலில் அல்ல. அங்கே வாக்காளர் யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

இதன் பெரிய வடிவம்தான் 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியல். 2002-இல் ஒரு பிரித்தானிய வணிக இதழ் தொடங்கியது. உலகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 40 பேராக ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். செஃப்மார், உணவு எழுத்தாளர்கள், ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிற வசதியானவர்கள் என்று கலந்து எடுக்கிறார்கள். பெயர்கள் வெளியே சொல்லப்படுவதில்லை. சாப்பிட்டதற்கு ரசீது காட்டச் சொல்வதும் இல்லை. 2015-இல் பிரான்ஸில் இதற்கு எதிராக ஒரு கையெழுத்து இயக்கமே நடந்தது. வெளிப்படைத்தன்மை இல்லை என்பதுதான் அவர்களின் முதல் குற்றச்சாட்டு. அதே நிறுவனம் ஆசியாவுக்குத் தனியாகப் போடும் பட்டியலில் 2024-இல் சென்னையின் அவர்தனா 44-ஆவது இடத்தில் வந்தது. அது ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றுக்குள் இருக்கும் உணவகம். அந்த இடம் அவர்களுக்குத் தகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்து மெஸ் ஒன்று எத்தனை வருடம் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் அந்தப் பட்டியலில் வர வழியில்லை. வாக்காளர்கள் பறந்து வந்து, தங்கி, போகிற பாதையில் அது இல்லை.

சரி, வாக்காளர்களை மாற்றினால் முடிவு மாறுமா? மாறும். அதற்கு ஒரு நல்ல சாட்சி, அமெரிக்காவில் உணவகங்களுக்கும் செஃப்மாருக்கும் கொடுக்கும் ஜேம்ஸ் பியர்ட் விருதுகள். 2020-இல் வாக்கெடுப்பு முடிந்த பிறகு பார்த்தால், வென்றவர்களில் ஒரு கறுப்பினத்தவர் கூட இல்லை. அந்த ஓகஸ்டில் விருதையே நிறுத்தினார்கள், அடுத்த வருடமும் கொடுக்கவில்லை. இடையில் விதிகளையும் தேர்வுக் குழுக்களையும் பிரித்துப் போட்டுத் திருத்தினார்கள். 2022-இல் விருது திரும்பி வந்தபோது சிறந்த புதிய உணவகம் என்று மினியாபோலிஸ் நகரத்து ஓவாம்னியைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கப் பழங்குடி மக்களின் சமையல் அது. கோதுமை மா இல்லை, பால் இல்லை, கரும்புச் சீனி இல்லை, ஐரோப்பியர் கொண்டுவந்த மாடும் கோழியும் இல்லை. 2023-இல் போர்ட்லண்டில் ஹெய்ட்டிச் சமையல் செய்யும் கான். 2024-இல் நியூ ஒர்லியன்ஸில் செனகல் சமையல் செய்யும் டாக்கார் நோலா. செனகல்காரரும் ஹெய்ட்டிக்காரரும் அந்த இரண்டு வருட இடைவெளியில் திடீரென்று சமைக்கப் பழகவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மாறினார்கள், அவர்கள் போன தெருக்களும் மாறின. 'தரம் ஒன்றுதான், எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவோம்' என்று யாராவது சொன்னால் இந்த நான்கு வருடத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

அடுத்தது 'புதிய' என்ற சொல். வெளியிலிருந்து பார்த்தால் அது சின்ன விஷயம். உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் பெரிய தலையிடி. ஒவ்வொரு பட்டியலும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை திறந்தவை என்று ஒரு கோடு கிழிக்கும். அச்சு இதழாக இருந்தால் எழுதி முடிக்கும் நாள் வெளிவரும் நாளுக்கு மாதக்கணக்கில் முந்தியது. மார்கழியில் திறந்த கடைக்குக் கிடைப்பது சில கிழமைகள். அதுவும் குழாய் ஒழுகி, ஆள் ஓடிப்போய், மெனு இன்னும் நிலைப்படாத கிழமைகள். தை மாதத்தில் திறந்தவனுக்குப் பதினொரு மாதப் பழக்கம் இருக்கும். இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றால், அப்போது அது 'புதியது' அல்ல.

நியூயோர்க்கின் செம்மா என்ற உணவகத்தின் கதையை எடுங்கள். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலிருந்து போன விஜய் குமார் நடத்தும் குசினி. நத்தைப் பிரட்டலும் குடல் வறுவலும் மன்ஹாட்டனில் பரிமாறுகிற இடம். அது திறந்தது 2021 ஒக்ரோபரில். அந்த வருட முடிவில் நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் புதிய உணவகங்களில் முதலாவதாகச் சொன்னது, அதே முதலாளிகள் அந்த வருடத் தொடக்கத்திலேயே திறந்திருந்த தமாகா என்ற உணவகத்தை. செம்மாவுக்கு அந்த நாளிதழின் முதலிடம் 2025 ஜூனில் வந்தது. புதியது, பழையது என்ற பிரிவே இல்லாத, நகரத்தின் நூறு சிறந்த உணவகங்கள் பட்டியலில். அதே மாதம் நியூயோர்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று பியர்ட் விருதும் விஜய் குமாருக்குக் கிடைத்தது. கிராமத்துச் சாப்பாட்டைக் கூச்சமில்லாமல் மேசைக்குக் கொண்டுவந்த ஒரு குசினிக்கு, இன்னதுதான் தன் சமையல் என்று ஊருக்குப் புரியவைக்க நான்கு வருடம் வேண்டியிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, பெரும்பாலான நல்ல குசினிகளுக்கு அவ்வளவு காலம் பிடிக்கும். முதல் வருடத்துப் பரீட்சை அதைப் பிடிக்காது.

இன்னொரு பக்கம், பெரிய கைகளுக்கு 'புதிய' என்ற சொல் நன்றாக வளைந்து கொடுக்கும். கோப்பன்ஹேகனின் நோமா 2010 முதல் நான்கு முறை உலகப் பட்டியலில் முதலிடம் வந்த கடை. 2017-இல் மூடி, 2018-இல் வேறிடத்தில் அதே பெயரில், அதே செஃப்போடு திறந்தார்கள். 2019-இல், ஏற்கெனவே முதலிடம் பெற்றவர்கள் இனிப் போட்டியில் இல்லை என்று அந்தப் பட்டியல் விதி மாற்றியது. நோமா மட்டும் புதிய உணவகம் என்று கணக்கிடப்பட்டு அந்த வருடம் இரண்டாமிடமும் 2021-இல் முதலிடமும் பெற்றது. மற்ற முன்னாள் முதலிடக்காரர்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு சொல்லை எப்படி வளைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும் புதிய உணவகப் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பழைய கடைக்குப் பெயர் இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள். புதிய கடைக்குக் கடன் மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பொன் அப்பெட்டி இதழ் 2018-இல் நாட்டின் சிறந்த புதிய உணவகம் என்று சொன்னது ஒக்லஹோமா நகரத்தின் நொன்சச் என்ற சின்னக் கடையை. இருபத்துச் சொச்சம் இருக்கைகள், இளம் சமையல்காரர்கள். நியூயோர்க்கிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இருக்கிறவர்கள் யாரும் அங்கே போயிருக்கமாட்டார்கள். அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சல்ஸில் பத்து இருக்கை கொண்ட கொன்பி என்ற சாண்ட்விச் கடைக்கு முதலிடம். ஒருவர் பயணம் செய்து, தேடி, வெள்ளை மேசைத்துணி இல்லாத இடத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் இப்படிப்பட்ட பெயர்கள் வரும். பட்டியலின் உண்மையான பயன் அதுதான். நம் நகரத்தில் அது போதுமான அளவு நடக்கவில்லை என்பதே என் கோபம். 2022-இல் மிச்செலின் வழிகாட்டி முதன்முறையாகக் கனடாவுக்கு, அதுவும் ரொறன்ரோவுக்கு வந்தது. சுற்றுலா அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுத்தான் வந்தது. 13 உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒன்று கூட ஸ்காபரோவில் இல்லை. அந்த நட்சத்திரக் குசினிகளின் தரத்துக் குசினிகளில் கோப்பை கழுவுகிறவர்களிலும் அடுப்படியில் நிற்கிறவர்களிலும் எத்தனையோ பேர் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் ஸ்காபரோவுக்குத் திரும்புகிற நம் ஆட்கள். அவர்களின் கை நகர மையத்தில் நின்றால் தெரிகிறது, தங்கள் வீட்டுத் தெருவில் சொந்தக் கடை போட்டால் தெரிவதில்லை.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். உணவுக்கு எண் போடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பாரிஸ் நகரம் ஆண்டுதோறும் பகெட் என்ற நீளமான பாணில் சிறந்தது எது என்று போட்டி வைக்கிறது. எல்லாரும் ஒரே பண்டத்தைச் செய்ய வேண்டும். நீளம், எடை, உப்பின் அளவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு, தவறினால் ருசி பார்க்கும் முன்பே வெளியே. எந்தப் பாண் யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியாது. நடுவர்களில் தொழில்காரர்களோடு குலுக்கலில் எடுத்த நகரவாசிகளும் இருப்பார்கள். 2023-இல் அந்தப் போட்டியில் 126 பேரில் முதலாவதாக வந்தவர், இலங்கையிலிருந்து போய் பாரிஸின் 20-ஆவது வட்டாரத்தில் பேக்கரி நடத்தும் தர்ஷன் செல்வராஜா. 4,000 யூரோ பரிசும், ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் வேலையும் கிடைத்தன. அந்த முதலிடத்தை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஒரே நாள், ஒரே பண்டம், பெயர் மறைத்து, 126 பாணையும் அந்த நடுவர்களே பார்த்த போட்டி அது. உணவகப் பட்டியலில் இதில் எதுவும் கிடையாது. ஒருவர் பங்குனியில் சாப்பிட்ட ஆட்டிறைச்சியையும் இன்னொருவர் ஐப்பசியில் சாப்பிட்ட சுஷியையும் வைத்து நான்காமிடம், ஐந்தாமிடம் என்று பிரிக்கிறார்கள். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் போட்டவராலேயே சொல்ல முடியாது.

அந்த எண் கடைக்கு என்ன செய்யும் என்பதையும் சொல்கிறேன், உங்கள் அக்கா தெரிந்துகொள்ள வேண்டியது இது. 34 இருக்கை உள்ள ஒரு கடையில் நான் வேலை செய்தபோது எங்களுக்கு ஒரு பட்டியலில் நல்ல இடம் கிடைத்தது. காலையில் வெளிவந்தது, மத்தியானத்துக்குள் இரண்டு மாத புக்கிங் முடிந்துவிட்டது. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம், அது உண்மை. பிறகு நடந்ததைக் கேளுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் படத்தில் வந்த அந்த ஒரு மீன் கறியைக் கேட்டார்கள். அதனால் மெனுவை மாற்ற முடியவில்லை, எட்டு மாதம் அதே மீன். இரவில் ஒரு பந்தி வைத்த இடத்தில் இரண்டு பந்தி ஆனது. குசினியில் இரண்டு பேர் தோள் வலியோடு வேலையை விட்டார்கள். கிழமைக்கு ஒரு தரம் வந்த தெருக்காரர்களுக்கு மேசை கிடைக்கவில்லை, அவர்கள் வேறு கடையைப் பழகிக்கொண்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றினார். அடுத்த வருடப் பட்டியல் வந்ததும் படம் பிடிக்க வந்த கூட்டம் அங்கே போனது. தெருக்காரர்கள் திரும்பி வரவில்லை.

இது எங்கள் கடைக்கு மட்டும் நடந்தது என்று கனகாலம் நினைத்திருந்தேன். லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தின் டானியல் சாண்ட்ஸ் என்ற ஆய்வாளர், நியூயோர்க்கில் 2000 முதல் 2014 வரை திறந்த உணவகங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். மிச்செலின் நட்சத்திரம் பெற்றவற்றில் ஏறக்குறைய 40 சதவீதம் 2019 முடிவதற்குள் மூடிவிட்டன. நட்சத்திரம் வந்ததும் வாடகை கேட்பவர், பொருள் விற்பவர், வேலை செய்பவர் எல்லாரும் தங்கள் பங்கைக் கூட்டிக் கேட்கிறார்கள், வருகிறவர்களின் எதிர்பார்ப்பும் ஏறுகிறது என்று காரணம் சொல்கிறார். படித்தபோது எங்கள் கடையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததுபோல இருந்தது. பொன் அப்பெட்டி 2013-இல் முதலிடம் கொடுத்த லொஸ் ஏஞ்சல்ஸ் அல்மா, 2015-இல் நகர மையத்துக் கடையை மூடியது. அதற்கு வேறு சுமைகளும் இருந்தன, பட்டியலால்தான் மூடியது என்று பழி போடமாட்டேன். ஆனால் முதலிடம் கடையைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு பதில்.

அப்படியானால் எந்தப் பட்டியலை நம்புவது? நான் நம்புவது ஒரு மனிதர் தன் பெயரைப் போட்டு எழுதும் பட்டியலை. விமர்சகர் இன்னார், இந்தப் பத்திரிகை காசு கொடுத்தது, இத்தனை தரம் போனேன், இந்தப் பக்கங்களுக்கெல்லாம் போனேன் என்று எழுதினால் போதும். அவர் தவறாகக்கூடச் சொல்லலாம். மிளகாய் தாங்காதவராக இருக்கலாம், ஆட்டுக்குடலைக் கண்டால் முகம் சுளிப்பவராக இருக்கலாம். ஆனால் அவர் நாக்கு எப்படிப்பட்டது என்று நாலு கட்டுரை படித்தால் எனக்குத் தெரிந்துவிடும், அதற்கேற்பக் கழித்துக்கொள்வேன். பெயரில்லாத ஆயிரம் பேரின் கூட்டலில் எதைக் கழிப்பது? முகத்தை மறைப்பதுதான் நேர்மை என்று முன்பு சொல்வார்கள். உண்மையில் பெரிய குசினிகளில் விமர்சகர்களின் படத்தைச் சுவரில் ஒட்டி வைப்பது பழைய பழக்கம், நானே பார்த்திருக்கிறேன். 2025-இல் நியூயோர்க் டைம்ஸின் புதிய தலைமை விமர்சகர்கள் முகம் மறைப்பதையே விட்டுவிட்டார்கள். அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். முகம் தெரியட்டும். யார் காசில், எத்தனை தரம், எந்தத் தெருவில் சாப்பிட்டார் என்பது அதைவிட முக்கியம்.

உங்கள் இரண்டாவது கேள்வி, அக்கா ஏதாவது செய்ய வேண்டுமா என்பது. விளம்பர நிறுவனம் பிடிக்க வேண்டாம். மாதாமாதம் அதற்குக் கொடுக்கும் காசில் இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கலாம், அக்காவுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். இலவசச் சாப்பாடு போட்டுப் படம் எடுக்கக் கூப்பிடவும் வேண்டாம். நகரத்துப் பத்திரிகைகளில் பெயர் போட்டு எழுதும் விமர்சகர்கள் சிலர்தான், அவர்களின் மின்னஞ்சல் கட்டுரைக்குக் கீழேயே இருக்கும். அக்கா தன் கையால் நாலு வரி எழுதட்டும். எந்தத் திகதியில் திறந்தோம், எந்த ஊர்ச் சமையல், எந்தக் கிழமையில் என்ன கறி, எத்தனை மணி வரை திறந்திருக்கும், எந்த பஸ்ஸில் வரலாம். திறந்த திகதியைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள், ஒரு வருடக் கோடு தாண்டப்போகிறது என்பதை அதைப் பார்த்துத்தான் அவர்கள் கவனிப்பார்கள். ஆட்டுக்கறி வெள்ளிக்கிழமை மட்டும் என்றால் அதை எழுதாமல் விடக்கூடாது. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துவிட்டு மெனு சின்னது என்று எழுதிப் போன விமர்சகரை எனக்குத் தெரியும்.

எப்போதாவது பட்டியலில் பெயர் வந்துவிட்டால், இரண்டாவது பந்தியைச் சேர்க்கும் முன் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் நாலு மேசையைத் தெருக்காரர்களுக்கென்று புக்கிங்கில் காட்டாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று அத்தான் இன்றைக்கே எடுத்துப் பார்க்கட்டும்.

கடையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எனக்குத் திங்கட்கிழமை ஓய்வு. அன்றைக்குத் திறந்திருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, காசு கொடுத்துச் சாப்பிடுகிறேன்.